ரீட்டா மேடம் பாரிசுக்குக் கிளம்பிய வருஷம்

எங்கள் தெருவில் கார் ஓட்டத் தெரிந்த பெண்கள் பதினோரு பேர் இருக்கிறார்கள். பதினோரு பேருக்கும் கற்றுக்கொடுத்தவர் என் பக்கத்து வீட்டு ரீட்டா மேடம். கடலூர் புதுப்பாளையத்தில் இருபத்திரண்டு வருஷமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். இரண்டு கார், வீட்டின் முன்னறையில் ஆபீஸ், பக்கத்துக் காலி மனையில் வண்டி நிறுத்த ஒரு தகரக் கொட்டகை. ஸ்கூல் என்பது அவ்வளவுதான். நானும் அங்கே படித்தவன். நாற்பத்தைந்து வயதில், தபால் ஆபீஸ் கவுண்ட்டரில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு இறுகிப்போன காலத்தில், அதிகாலையில் சில்வர் பீச் ரோட்டில் எனக்கு ஸ்டியரிங்கைக் கையில் கொடுத்தார். "அருள்முருகன் சார், ரோடு எங்கியும் ஓடிடாது. நீங்க மெதுவா வாங்க" என்பார். ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தியதில்லை.

அப்படிப்பட்டவர் ஊரையே விட்டுப் போகிறேன் என்று கிளம்பினார். அந்த ஒரு வருஷத்தைப் பற்றித்தான் சொல்கிறேன்.

ரீட்டா மேடம் பிறந்தது கடலூர் முதுநகரில். அப்பா ஞானப்பிரகாசம் துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றிப் போகும் மினி லாரி வைத்திருந்தார். ஒருநாள் ஐஸ் பெட்டியைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. மூன்று மாதம் படுக்கை. வேறு டிரைவர் போட வசதியில்லை. அப்போதுதான் லைசென்ஸ் வாங்கியிருந்த மூத்த மகள், பத்தொன்பது வயது ரீட்டா, லாரியை எடுத்தார். விடியும் முன்னே விழுப்புரம் மார்க்கெட்டில் மீனை இறக்கிவிட்டு வருவார். துறைமுகத்தில் அவர் ரிவர்ஸ் எடுக்கும்போது நாலு பேர் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பார்களாம், எங்கே இடிப்பார் என்று பார்க்க. மூன்று மாதத்தில் ஒருமுறையும் இடிக்கவில்லை. "அவுங்களுக்குத்தான் ஏமாத்தம்" என்று சொல்லிச் சிரிப்பார்.

பிறகு கல்யாணம். கணவர் சகாய ஆனந்த் ஏசி மெக்கானிக். அதிகம் பேசாத மனிதர். அவருடைய அப்பா பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு வந்தவர். அந்த வழியில் ஆனந்துக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. ஆனால் அவர் பிரான்சைப் பார்த்தது வாழ்க்கையில் ஒரே முறை, அக்கா வீட்டுக்கு, இருபது நாள். மற்றபடி கடலூரின் மொட்டை மாடிகளில்தான் அவர் காலம் போனது. பாஸ்போர்ட்டை மட்டும் தவறாமல் புதுப்பித்துக்கொண்டு வந்தார். அதனால் ஒரு வேடிக்கை உண்டு. பிரான்சில் ஜனாதிபதித் தேர்தல் வந்தால் பாண்டிச்சேரிக்குப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வருவார். எங்கள் தெரு கவுன்சிலர் தேர்தலில் அவருக்கு ஓட்டில்லை.

இந்த வேடிக்கை மேடத்துக்கு ஒருநாள் வலித்தது, அவரே தேர்தலில் நின்றபோது.

அவர் நின்றதற்குக் காரணம் சாக்கடை. கார்த்திகை மாதம் மழை பெய்தால் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும். அடியில் திறந்த சாக்கடை எங்கே இருக்கிறது என்று தெரியாது. மேடத்திடம் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண், வகுப்புக்கு ஸ்கூட்டியில் வந்தவள், அதில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். மேடம் மனு எழுதிக்கொண்டு அலைந்தார். போன இடமெல்லாம் கவுன்சிலர் வரட்டும் என்றார்கள். அந்தச் சமயம் பார்த்து உள்ளாட்சித் தேர்தல் அறிவித்தார்கள், எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கீடு. மேடம் சுயேச்சையாக மனுப் போட்டுவிட்டார்.

சின்னம் கார் கேட்டார். கிடைத்தது தண்ணீர்க் குழாய். இரண்டு வாரம் தெருத்தெருவாக நடந்தார். ஸ்கூலில் படித்த பெண்கள் சிலர் கூடவே போனார்கள். போன இடத்திலெல்லாம் ஒரே கேள்வி.

"அக்கா, கொழாய்னு போட்டுருக்கு. தண்ணி எப்ப வரும்?"

"அது சின்னம்தாம்மா. நான் பேசறது சாக்கடைய பத்தி."

"தண்ணியே வரல, சாக்கடைய வச்சி இன்னா பண்றது?"

ஆனாலும் எல்லோரும் உங்களுக்குத்தான் என்றார்கள். மாதா கோயில் பூசைக்கு வரும் பெண்கள் சொன்னார்கள், காய்கறிக்காரர் சொன்னார், அயர்ன்காரர் சொன்னார். நானும் சொன்னேன். எதிரில் நின்றவர் பெரிய கட்சியின் வேட்பாளர் தமிழ்ச்செல்வி. முப்பத்தோரு வயது. அவரும் மேடத்திடம் கார் ஓட்டப் படித்தவர்தான், மூன்றாவது தடவையில் லைசென்ஸ் வாங்கியவர். வழியில் இரண்டு பிரச்சாரமும் எதிர்ப்பட்டால் தமிழ்ச்செல்வி கைகூப்பி, "நல்லா இருக்கீங்களா மேடம்" என்பார்.

எண்ணிக்கையன்று மதியத்துக்குள் முடிவு தெரிந்துவிட்டது. தமிழ்ச்செல்வி ஆயிரத்து எழுநூறுக்கு மேல் வாங்கி ஜெயித்தார். ரீட்டா மேடத்துக்கு நூற்று நாற்பத்து மூன்று ஓட்டு. நாலாவது இடம். டெபாசிட் போனது. எங்கள் தெரு ஓட்டுப் போட்ட பூத்தில் மட்டும் அவருக்குப் பத்தொன்பது.

தோற்பார் என்று எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் பத்தொன்பது என்ற எண்தான் அவரை அடித்தது. தெருவில் அறுபது வீடு. மறுநாளிலிருந்து யாரைப் பார்த்தாலும் அவர் முகத்தில் ஒரு கணக்கு ஓடும். இவர் போட்டிருப்பாரா, மாட்டாரா. என்னையும் அப்படிப் பார்த்தபோது என்னால் தாங்க முடியவில்லை. ஒரு சாயங்காலம் ஆபீஸ் முடிந்து நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

"மேடம், நான் ஒங்களுக்குப் போடல."

கார் சாவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"எம் மச்சான் அந்தக் கட்சில வட்டச் செயலாளரு. வீட்டுக்காரி கைய புடிச்சி சத்தியம் வாங்கிட்டா. சொல்லாம இருக்க முடியல."

அவர் மறுபடி சாவியைத் துடைக்கத் தொடங்கினார். நான் வந்துவிட்டேன். இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் சுவரோரம் நின்று கூப்பிட்டார்.

"சார், போடலன்னு நெசம் சொன்ன ஆளு நீங்க ஒருத்தர்தான். மிச்ச எல்லாரும் போட்டேன் போட்டேன்றாங்க. அவுங்க சொல்ற கணக்குப்படி பாத்தா நான் இப்ப மேயரா இருக்கணும்."

சிரித்தார். ஆனால் பழைய சிரிப்பு இல்லை.

நாலைந்து மாதம் கழித்து வீட்டு வரிக்கு மறு அளவெடுக்க ஆட்கள் வந்தார்கள். நாடாவைப் பிடித்து முன்னறையை அளந்தார்கள், கொட்டகையை அளந்தார்கள், காலி மனையை அளந்தார்கள். சில வாரத்தில் நோட்டீஸ் வந்தது. வரி இரண்டரை மடங்கு ஏறியிருந்தது. ஏற்கெனவே இன்ஷூரன்ஸ் ஏறியிருந்தது, வகுப்புக் கட்டணத்தின் மேல் கட்டும் வரியும் இருந்தது. நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு மேடம் வாசலில் நின்றார். தமிழ்ச்செல்வி கவுன்சிலரானதும் தனக்கு வரி ஏறியதும் அவர் மனதில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

"எதுத்து நின்னேன்ல, அதுக்குத்தான். இருபத்திரண்டு வருஷம் இந்த ஊரு பொண்ணுங்களுக்குப் பக்கத்துல ஒக்காந்து பிரேக் போட்டேன். பத்தொம்பது ஓட்டு. இப்ப இது."

ஆனந்த் ஸ்பேனர்களை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டார்: "இப்ப இன்னா பண்ணலான்ற?"

"ஒங்க பாஸ்போர்ட்டு எதுக்கு இருக்கு? பிரான்சுக்குப் போவோம்."

அவர் துணியை மடித்து வைத்தார். "அங்க ஏசி கம்மி ரீட்டா. ஹீட்டருதான்."

"ஹீட்டர் ரிப்பேர் பண்ண கத்துக்குங்க."

"சரி" என்றார் அவர்.

விளையாட்டுக்குச் சொன்னது என்று நினைத்தேன். இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே ஆனந்தின் அக்கா சவரிமேரியிடம் வீடியோவில் பேசிவிட்டார். சவரிமேரி நாற்பது வருஷமாகப் பாரிசுக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் இருப்பவர், பள்ளிக்கூடச் சமையல்கட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தம்பி வருகிறான் என்றதும் அவருக்கு மகிழ்ச்சி. முதலில் தன் வீட்டிலேயே இருக்கலாம் என்றார். கல்யாணத்தைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஆனந்தின் அப்பா அந்தக் காலத்திலேயே ஏற்றி வைத்திருந்ததால், மனைவி என்ற முறையில் விசா கேட்பதில் பெரிய சிக்கல் இருக்காது என்றார்கள். பெங்களூரில் வேலையில் இருந்த மகள் மட்டும், "நான் பாரிசுக்கும் வரல, கடலூருக்கும் வரல. எங்க இருக்கீங்களோ அங்க லீவுக்கு வரேன்" என்று சொல்லிவிட்டாள்.

மேடம் வாரத்துக்கு இரண்டு நாள் பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறி பிரெஞ்சு வகுப்புக்குப் போனார். வகுப்பில் எல்லோரும் இருபது வயதுப் பிள்ளைகள். மேடம் முதலில் கற்றுக்கொண்டது வலது, இடது, நில்லு. வீட்டில் ஆனந்த் வண்டியை எடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து "அ த்ருவாத், அ கோஷ்" என்று பாடம் எடுப்பார். ஒருநாள் சவரிமேரியிடம் ஆசையாகக் கேட்டார், அங்கே போய் ஒரு டிரைவிங் ஸ்கூலில் வேலை கிடைக்குமா என்று.

"வேலையா? ஒன்னோட லைசென்சு இங்க ஒரு வருசந்தான் செல்லும் ரீட்டா. அப்பறம் நீயே ஸ்கூல்ல சேந்து மொதல்லேர்ந்து படிக்கணும். எம் மருமவன் ரெண்டு வாட்டி பெயிலு."

மேடம் போனை வைத்துவிட்டு என்னிடம் வந்து இதைச் சொன்னார். சொல்லிவிட்டு, "பரவால்ல, படிக்கிறேன்" என்றார். பிடிவாதம் வந்துவிட்டால் அவர் அப்படித்தான்.

ஸ்கூலை என்ன செய்வது? இரண்டு காரில் ஒன்று நல்ல நிலையில் இருந்தது. பயிற்சி கொடுப்பவரின் காலடியிலும் பிரேக், கிளட்ச் வைத்த கார். அதை வாங்க இன்னொரு ஸ்கூல்காரர்தான் வர வேண்டும். சிதம்பரத்தில் உத்திராபதி என்பவர் ஸ்கூல் வைத்திருந்தார், தொழில் பழக்கத்தில் தெரிந்தவர். பேசி வைத்துக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமை மேடம் அந்தக் காரையே ஓட்டிக்கொண்டு சிதம்பரம் போனார். அங்கே நடந்ததை அவரும் சொல்லியிருக்கிறார், பின்னால் உத்திராபதியும் எனக்குச் சொன்னார். இரண்டும் ஒத்துப்போகின்றன.

மேல வீதிக்குப் பக்கத்தில் உத்திராபதியின் ஆபீஸ். மேடம் போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஒரு கார் குலுங்கிக் குலுங்கி நின்றது. ஸ்டியரிங்கில் அறுபத்து மூன்று வயது அம்மாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பயிற்சிக்காரர் இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு உத்திராபதியிடம் வந்து, "என்னால முடியல சார். வேற யாரையாச்சும் போடுங்க" என்று சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் போய்விட்டார்.

அந்த அம்மாள் பெயர் அமராவதி. அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவருக்கு சிறுநீரகக் கோளாறு, வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் வாடகைக் கார் பிடிக்க வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் மகன் வாங்கிய கார் வீட்டிலேயே உறை போட்டுக் கிடந்தது. தானே ஓட்டிப் போகலாம் என்று மூன்று மாதமாகப் படிக்கிறார். முதல் கியரைத் தாண்டவில்லை.

"வயசாயிடிச்சி மேடம், இனிமே ஏறாது" என்றார் உத்திராபதி தாழ்ந்த குரலில்.

மேடம் காரருகே போனார். அமராவதி இன்னும் இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது. மேடம் குனிந்து அவருடைய காலைப் பார்த்தார். குள்ளமான அம்மாள். இடது கால் கட்டைவிரலின் நுனிதான் கிளட்சில் பட்டுக்கொண்டிருந்தது.

"அம்மா, சீட்ட முன்னால இழுத்துக்கலாமே."

"இழுக்கலாமா?"

"யாரும் சொல்லலியா?"

"இதுவரைக்கும் யாரும் சொல்லலம்மா. கார்னா இப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

மேடம் சீட்டுக்கு அடியில் இருந்த கம்பியைத் தூக்கி முன்னால் தள்ளினார். போதவில்லை. உத்திராபதியின் நாற்காலியில் இருந்த மெத்தையை எடுத்து வந்து அமராவதியின் முதுகுக்குப் பின்னால் வைத்தார். இப்போது பாதம் முழுதாக கிளட்சில் அமர்ந்தது. மேடம் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். "ரோடு எங்கியும் ஓடிடாது. மெதுவா வாங்க."

இருவரும் கிள்ளை ரோட்டில் பிச்சாவரம் பக்கமாகப் போனார்கள். இரண்டு முறை வண்டி நின்றது. மூன்றாவது முறை நிற்கவில்லை. வயல் நடுவே ரோடு நேராக வந்த இடத்தில் மேடம் சொல்ல, அமராவதி இரண்டாவது கியர் போட்டார், பிறகு மூன்றாவது. கொஞ்ச தூரம் போனதும் அந்த அம்மாள் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார்.

"இன்னா சொல்றீங்க?"

"ஒன்னுமில்ல. மூணு, மூணுன்னு சொல்லிக்கிட்டேன்."

ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார்கள். அமராவதி இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு, "நீங்க எந்த ஊரு ஸ்கூலுங்க?" என்று கேட்டார்.

"கடலூரு."

"நான் பஸ் ஏறி அங்க வந்துடறேன். இங்க வேணாம்."

உத்திராபதி அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார். நல்ல மனிதர், அவருக்குக் கோபம் வரவில்லை. மேடத்தை உள்ளே அழைத்து டீ வாங்கிக் கொடுத்தார்.

"மேடம், வண்டி எனக்கு வேணாம். எங்கிட்டயே மூணு நிக்குது. லேடீஸ் வராங்க, ஆம்பள ஆளு ட்ரெய்னர்னு பாத்ததும் போயிடறாங்க. ஆஸ்டல்ல தங்கிப் படிக்கிற பொண்ணுங்களும் கேக்குறாங்க. வாரத்துல ரெண்டு நாளு நீங்க வாங்க."

"நான் பாரிசுக்குப் போறேன் சார்."

"எப்ப?"

"விசா வந்ததும்."

"அதுவரைக்கும் வாங்க."

அப்படித்தான் ஆரம்பித்தது. செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் மேடம் சிதம்பரம் போனார். பிரெஞ்சு வகுப்பு திங்கள், வியாழன். மீதி நாள் கடலூர். இவ்வளவு அலைச்சலில் மனுஷி இளைத்துப்போவார் என்று நினைத்தேன். மாறாக முகம் தெளிந்துகொண்டே வந்தது. சிதம்பரத்தில் முதல் மாதம் நாலு பேர், அடுத்த மாதம் ஒன்பது பேர். யாரைப் பார்த்தாலும் ஓட்டுப் போட்டிருப்பாரா என்று எண்ணும் பார்வை அங்கே தேவைப்படவில்லை. அங்கே யாருக்கும் அவர் தேர்தலில் நின்ற கதையே தெரியாது.

இதற்கிடையில் வரிக்கு ஆட்சேபம் கொடுக்கக் கடைசித் தேதி வந்தது. "போறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க, அப்பறம் எதுக்கு?" என்று கேட்டேன். "விட்டுட்டுப் போனாலும் தப்புன்னு எழுதிக் குடுத்துட்டுப் போறேன் சார்" என்றார். துணைக்கு என்னையும் அழைத்துப் போனார்.

மாநகராட்சி ஆபீசில் எங்களுக்கு முன்னால் நீள வரிசை. வரிசையின் நடுவில், கையில் நோட்டீசோடு, கவுன்சிலர் தமிழ்ச்செல்வி நின்றுகொண்டிருந்தார்.

மேடம் அவரைப் பார்த்ததும் திரும்பிவிடலாம் என்று ஓர் அடி பின்வாங்கினார். அதற்குள் தமிழ்ச்செல்வி வந்துவிட்டார்.

"மேடம், ஒங்களுக்குமா? எங்க வீட்டுக்கு மூணு மடங்கு ஏத்திட்டாங்க. எங்க மாமியாரு என்னத்தான் திட்டுது, நீ கவுன்சிலரா இருந்து இன்னா புண்ணியம்னு."

தமிழ்ச்செல்வி மேடத்தின் நோட்டீசை வாங்கிப் பார்த்து, உள்ளே அழைத்துப்போய், தெருவின் பழைய பதிவேட்டை எடுத்துக் காட்டச் சொன்னார். எங்கள் தெரு முழுக்க ஏறியிருந்தது. என் வீட்டுக்கும் ஏறியிருந்தது, எனக்குத்தான் நோட்டீஸ் இன்னும் வரவில்லை. மேடத்தின் வீடு இருபத்திரண்டு வருஷமாகக் குடியிருப்பு என்றே பதிவில் இருந்தது. முன்னறையில் ஸ்கூல் நடப்பது இப்போதுதான் கணக்கில் வந்திருக்கிறது. அதனால்தான் அவருக்குக் கூடுதல்.

"அப்ப இத்தன வருஷமா நான்தான் கம்மியா கட்டிட்டு இருந்தனா?" என்றார் மேடம்.

எதிரில் இருந்த ஊழியர் தலையாட்டினார். மேடம் முகத்தில் ஓடியதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். கொட்டகைக்குச் சுவர் இல்லை என்று எழுதிக் கொடுத்ததில் கொஞ்சம் குறைந்தது. மீதி அப்படியே நின்றது. வெளியே வந்தபோது தமிழ்ச்செல்வி தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"எம்மேல கோவமா மேடம்?"

"இருந்துச்சி."

"ஒங்க சாக்கடை லிஸ்ட்ட நான்தான் வாங்கி வச்சிருக்கன். நீங்க பிரச்சாரத்துல குடுத்த நோட்டீசு. அதுல எந்த எடத்துல மூடி இல்லன்னு வரைஞ்சி இருந்துச்சே, அதப் பாத்துத்தான் மனு எழுதனேன். பாதி தெருவுக்கு ஸ்லாப் வந்திருக்கு. மிச்சத்துக்கு நீங்களும் கூட வந்து பேசுங்க. எனக்குப் பேச வரல."

"ஓட்ட மட்டும் வாங்க வந்துச்சா?"

தமிழ்ச்செல்வி தலையைக் குனிந்துகொண்டார். பிறகு இருவரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில் மேடம் காரை ஓட்டிக்கொண்டே, "இந்தப் பொண்ணு இன்னும் ரிவர்ஸ் சரியா எடுக்காது சார்" என்றார். அதில் பழைய அன்பு இருந்தது.

ஆனாலும் பாரிஸ் திட்டம் அப்படியேதான் இருந்தது. ஆனந்த் இரண்டு பெரிய பெட்டி வாங்கிவிட்டார். அப்போது பிரான்சிலும் ஏதோ தேர்தல் நடந்து முடிந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சவரிமேரி போனில் வீடியோவில் வந்தார். முகம் வாடியிருந்தது.

"எனக்குப் புடிக்காதவங்க ஜாஸ்தி எடத்துல வந்துட்டாங்க ரீட்டா. எங்க தெருவுலயே அவுங்களுக்குத்தான் போட்டிருக்காங்க. நாப்பது வருசமா குட்மார்னிங் சொல்ற சனங்க. இந்த வீட்டுக்கு வரியும் ஏத்திட்டாங்க. எனக்கு மனசே இல்ல. நான் கடலூருக்கே வந்துடறேன். மாடில ஒரு ரூம் போட்டு வையி."

மேடம் மாடிப் பக்கம் நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்கக்கா. ரூம் போட்டா வரி ஏறும், பரவால்லியா?"

அந்தப் பக்கம் சவரிமேரி சிரித்த சத்தம் சுவர் தாண்டி எங்கள் வீட்டுக்கே கேட்டது. கடைசியில் சவரிமேரியும் வரவில்லை. ஒரு வாரத்தில் மனம் ஆறிவிட்டது, பக்கத்து வீட்டுக் கிழவி கேக் கொண்டு வந்து கொடுத்தாளாம். டிசம்பரில் லீவுக்கு மட்டும் வந்து போனார்.

விசாவுக்கு நேரில் வரச் சொல்லித் தேதி கிடைத்தது. சென்னை, செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை. அந்தக் கடிதத்தை வாசலிலேயே பிரித்துப் படித்த மேடம் சுவரில் மாட்டியிருந்த காலண்டரிடம் போனார். அதே செவ்வாய்க்கிழமைக்கு அங்கே ஏற்கெனவே பென்சிலில் வட்டம் போட்டிருந்தது. சிதம்பரத்தில் அமராவதிக்கு லைசென்ஸ் டெஸ்ட்.

"தேதி மாத்திக் கேக்கலாம்" என்றார் ஆனந்த்.

"டெஸ்ட் தேதியயும் மாத்தலாம்" என்றார் மேடம். "ஆனா அந்தம்மா பயந்துடும். ஒரு வாட்டி தள்ளிப் போச்சுன்னா மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

அன்று மாலையில் இரண்டு கார்களையும் கழுவினார், கழுவியதையே இன்னொரு தடவை கழுவினார். செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரைக்கு வண்டி எடுக்கும் சத்தம் கேட்டது. எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று பார்க்க நான் ஜன்னலுக்குப் போனேன். பாண்டிச்சேரி, சென்னை என்றால் வடக்கே போக வேண்டும். மேடம் தெற்கே திரும்பினார்.

டெஸ்டில் அமராவதி மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்கும்போது ஒரு விரல்கடை பின்னால் வந்தது, பிறகு பிடித்துக்கொண்டது. இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டார். அமராவதி இறங்கி வந்து மேடத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நேரே வீட்டுக்குப் போய், கணவரை ஏற்றிக்கொண்டு, மகன் வாங்கிய காரில் டயாலிசிசுக்குப் போனார். அன்று மட்டும் மேடம் பின் சீட்டில் உட்கார்ந்து போனார். "வாழ்க்கையில மொத தடவ பின் சீட்ல ஒக்காந்தேன் சார். கால்தான் சும்மா இருக்க மாட்டேங்குது, பிரேக்க தேடுது" என்று என்னிடம் சொன்னார்.

ராத்திரி சாப்பாட்டில் ஆனந்த் கேட்டாராம்: "அப்ப போகலியா?"

"இப்ப போகல."

"பெட்டி?"

"இருக்கட்டும். எங்கயாச்சும் போவோம்."

மறுநாள் ஆனந்த் அந்தப் பெட்டிகளில் தன் பழைய ஏசி உதிரிகளை அடுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். விசில் அடித்துக்கொண்டிருந்தார். அவர் விசில் அடித்து நான் கேட்டது அன்றுதான். ஒரு வருஷமாக அந்த மனிதர் தன் மனதில் இருந்ததைச் சொல்லவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

மேடம் வரியைக் கட்டிவிட்டார். முணுமுணுத்துக்கொண்டுதான் கட்டினார். ரசீதைக் கொண்டுவந்து என்னிடம் காட்டி, "இவ்ளோ கட்றவளுக்கு கேள்வி கேக்க உரிமை இருக்குல்ல" என்றார். இப்போது வார்டு கூட்டம் எதுவானாலும் முதல் வரிசையில் அவர்தான். பேச வராத தமிழ்ச்செல்விக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த இடத்தில் எதைக் கேட்க வேண்டும் என்று காதில் சொல்கிறார். அடுத்த தடவை நிற்பீர்களா என்று ஒருநாள் கேட்டேன். "நிக்கலாம். நீங்க போடுவீங்களா?" என்றார். மச்சானை நினைத்துக்கொண்டு நான் வேறு பக்கம் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டார்.

பிரெஞ்சு வகுப்பை மட்டும் விடவில்லை. மொழி நன்றாக இருக்கிறதாம், முதல் தேர்விலும் தேறிவிட்டார். சிதம்பரத்தில் உத்திராபதியின் ஆபீசுக்குப் பக்கத்து அறையில் பெண்களுக்கென்று தனி வகுப்பு ஆரம்பித்தாகிவிட்டது. கடலூரில் தன்னிடம் படித்த இரண்டு பெண்களைப் பயிற்சி கொடுக்கத் தயார் செய்துகொண்டிருக்கிறார். செவ்வாயும் வெள்ளியும் விடியும்போது வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டிவிடுவார். பாலத்தில் ஜன்னலை இறக்கிவிட்டுப் போனால் அன்று முழுக்கத் தலைவலி வராது என்பது அவர் கண்டுபிடிப்பு.

இந்த வாரம் பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு மாமியாரும் மருமகளும் சேர்ந்திருக்கிறார்கள். வீட்டில் இருப்பது ஒரே கார். முதலில் லைசென்ஸ் வாங்குகிறவருக்குத்தான் சாவி என்று அவர்களுக்குள் பேச்சாம். இருவரும் தனித்தனியாக மேடத்தைப் போனில் கூப்பிட்டு, மற்றவருக்குத் தெரியாமல் ஒரு வகுப்பு கூடுதலாக வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். மேடம் இருவருக்கும் சரி என்று சொல்லிவிட்டார்.